காம்பு விடும் காலம்

பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த அப்பிள்களை ஏன் மரத்திலேயே விட்டார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கேட்பவருக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. எனக்கோ சமையலறையில் நிற்கும்போதும், வேலைக்கு ரயிலில் போகும்போதும், அந்தக் கைதான் கண்ணுக்குள் வருகிறது.

நாங்கள் இருப்பது கென்ற் பகுதியில் ஒரு கிராமம். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய தோட்டம். வீடு விற்றாகியிருந்தது, வெள்ளிக்கிழமை வடக்கே மகள் வீட்டுக்குப் போகவிருந்தார். செப்டெம்பர் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை மகள் கூடைகளோடு வந்து நின்றாள். ஒன்றுவிடாமல் பறித்துவிடுங்கள் அப்பா என்றாள். அவர் மரத்தடிக்குப் போய் ஒரு காயை உள்ளங்கையில் ஏந்தினார். இழுக்கவில்லை. அடியில் கைகொடுத்து, சற்றே மேலே தூக்கி, கொஞ்சம் திருப்பினார். காம்பு விடவில்லை. கையை எடுத்துவிட்டு அடுத்த காய்க்குப் போனார். அது வந்தது, கூடையில் வைத்தார். அதற்கடுத்தது வரவில்லை, விட்டுவிட்டார். மகள் ஏதோ சொல்ல, “இன்னும் ஆகவில்லை” என்று மட்டும் பதில் சொன்னார். வெள்ளிக்கிழமை அவர் போய்விட்டார். ஆகாத காய்கள் மரத்தில் நின்றன.

நடந்தது இவ்வளவுதான். இனி ஒருபோதும் வந்து பறிக்க முடியாத காயை, இன்னும் ஆகவில்லை என்று ஒருவர் விட்டுவிட்டுப் போவது எதற்காக?

இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த காலம் இந்தச் செப்டெம்பர்தான். வெயில் சுடாது, குளிரும் இன்னும் வீட்டுக்குள் வந்திருக்காது. பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டி, தென் இங்கிலாந்தில் பகல்பொழுது நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் குறைகிறது. அது கண்ணுக்கே தெரியும். காலையில் வேலியெங்கும் சிலந்தி வலைகள் பனித்துளியோடு நிற்கும். தகைவிலான் குருவிகள் ஆபிரிக்காவுக்குப் புறப்படுவதற்காக மின்கம்பிகளில் வந்து கூடும். விழுந்து கிடக்கும் அப்பிள்களின் புளித்த மணம் புல்லிலிருந்து எழும். அதில் குளவிகள் மொய்க்கும். கறுப்பில் சிவப்புப் பட்டை போட்ட வண்ணத்துப்பூச்சிகள் வந்திருந்து சாறு குடிக்கும். இவற்றைப் பார்ப்பதற்கென்றே நான் சனிக்கிழமைகளில் நேரத்தோடு எழும்புவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு ஒற்றையடிப் பாதைகளில் நடக்கப் போவோம். வழியில் ஹொப்ஸ் உலர்த்திய பழைய கூடங்கள், கூம்புக் கூரையும் உச்சியில் வெள்ளை மூடியுமாக நிற்கும். பியருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவது ஹொப்ஸ். ஒருகாலத்தில் லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து, வாரக்கணக்காகத் தங்கி, இந்தத் தோட்டங்களில் ஹொப்ஸ் ஆய்ந்தன. அவர்களுக்கு விடுமுறையும் கூலிவேலையும் அதுவேதான். இயந்திரம் வந்தபின் அந்த வருகை நின்றுபோயிற்று. இப்போது அந்தக் கூடங்களில் பல, வசதியானவர்களின் வீடுகள்.

பாதையோரப் புதர்களில் பிளாக்பெரி. தானாக வளர்ந்த பழத்தைத் தன் தேவைக்குப் பறிப்பது களவாகாது என்று இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் சொல்கிறது. விற்பதற்கென்று பறித்தால்தான் குற்றம். சட்டமே வழிவிட்ட பிறகு பிள்ளைகளைப் பிடிக்க முடியுமா? விரல், வாய், சட்டை எல்லாம் ஊதா. கறுத்துப் பளபளப்பதெல்லாம் பழமில்லை என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தேன். பளபளப்பு கொஞ்சம் மங்கி, தொட்டதும் கையில் விழுகிறதே, அதுதான் பழம். சிவப்பாக இருக்கும்போது பிடுங்கினால் எத்தனை நாள் வைத்திருந்தாலும் அது இனிக்காது. பறித்த கணத்தோடு அதன் பழுப்பு நின்றுவிடும். பிந்தவும் கூடாது. செப்டெம்பர் 29 புனித மிக்கேல் திருநாள். அதற்குப் பிறகு சாத்தான் பழங்கள்மேல் துப்பிவிடுவான், தொடக் கூடாது என்று இங்கத்தைய பழைய மனிதர்கள் சொல்வார்கள்.

அப்பிளின் கணக்கு வேறு. காய் முற்ற முற்ற, காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய பிரிபடை ஒன்று உருவாகிறது. அது முழுமையானதும் சின்னத் தூக்கலுக்கே காம்பு விட்டுவிடும். அதற்கு முன்பு இழுத்தால், அடுத்த வருடம் பூக்க வேண்டிய முளையும் சேர்ந்து ஒடிந்து வந்துவிடும். அப்படியானால் பெரியவர் காப்பாற்றியது அடுத்த வருடத்துப் பூவையா? அந்தப் பூவைப் பார்க்கப் போகிறவர்கள், வீட்டை வாங்கியிருக்கும் முன்பின் அறியாத இளம் தம்பதி. இல்லை, இதெல்லாம் நானாகச் சேர்ப்பதா? ஆயுள் முழுக்க அப்படி ஆய்ந்த கைக்கு வேறு விதம் தெரியாமலும் இருந்திருக்கலாம். அல்லது அன்று அவர் ஆகவில்லை என்று சொன்னது அப்பிளைப் பற்றித்தானா என்றும் ஒரு சந்தேகம் வருகிறது. மகள் அவருடைய நன்மைக்காகத்தான் கூட்டிப் போனாள். அதில் சந்தேகமில்லை.

நான் வளர்ந்த வளவில் யாரும் காம்பு விடும்வரை காத்திருந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றடியில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. “பழுக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தா அது வௌவாலுக்குத்தான் பிள்ளை” என்பார் அம்மம்மா. அவர் பார்ப்பது காயின் தோளை. காம்படியில் தோள் திரண்டு மேலெழும்பிவிட்டால் முற்றிவிட்டது என்று கணக்கு. கொக்கத்தடியில் பை கட்டி, ஒரு காயும் நிலத்தில் விழாமல் ஆய வேண்டும். பிறகு காம்பை ஒடித்து, பால் வடியக் கவிழ்த்து வைப்பார். தோலில் பால் பட்டால் கறுத்துவிடும். அதன்பின் வைக்கோலுக்குள் அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவார். சில நாளில் அறை முழுக்க மணக்கும். அந்தக் கட்டிலில்தான் நான் படுத்தேன்.

வாழைக்குலைக்கு வேறு வைத்தியம். குழி வெட்டி, சருகு பரப்பி, குலையை இறக்கி, மேலே மூடி மண் பூசுவார்கள். ஒரு துவாரம் மட்டும் விட்டு, சிரட்டையில் பொச்சைக் கொளுத்திப் புகையை உள்ளே ஊதுவார்கள். தானாகக் கனியாததைத் தடியால் அடித்துக் கனியவைக்க முடியாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முற்றிய காயைப் புகையூதிக் கனியவைக்கலாம் என்றும் அதே ஊருக்குத் தெரிந்திருந்தது. புகையில் இருக்கும் எதிலீன் என்ற வாயுதான் அந்த வேலையைச் செய்கிறது. பழுக்கும் அப்பிளும் மாம்பழமும் தாமாகவே விடும் வாயுவும் அதுதான்.

நானும் என் தலைமுறையில் பலரும் அப்படி ஆயப்பட்டவர்கள். பத்தொன்பது வயதில் என்னை அனுப்பியபோது நான் ஆகிவிட்டேனா என்று தூக்கிப் பார்க்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. விட்டுவைத்தால் இழந்துவிடுவோம் என்ற பயத்தில் காணியை ஈடு வைத்து அனுப்பினார்கள். குளிரிலும் இரவு வேலைகளிலும்தான் நாங்கள் பழுத்தோம். புகையில் பழுத்ததும் பழம்தானே என்று சில நாள் தோன்றும். மரத்தில் பழுத்ததன் மணம் இதற்கு வராது என்று சில நாள் தோன்றும். அம்மம்மா செய்தது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. வௌவால்கள் உண்மையிலேயே வந்த காலம் அது.

ஆனால் பயம் போன பிறகும் பறிக்கும் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. இப்போது பேச்சு அம்மாவைப் பற்றி. அவர் அதே வளவில் தனியே இருக்கிறார். போன ஆவணியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். ரொறன்ரோவிலிருந்து அக்கா எடுக்கும் ஒவ்வொரு அழைப்பிலும் இதுதான் கதை: “இனியும் விட்டுக்கொண்டிருக்க ஏலாது.” வயதான பெற்றோரை நிரந்தரமாக அழைப்பது பிரித்தானியாவில் 2012க்குப் பிறகு மிகவும் கடினமாகிவிட்டது. கனடாவிலோ சூப்பர் விசாவில் வந்தால் ஒரு தடவையில் 5 ஆண்டுவரை தங்கலாம். அக்கா படிவங்களையெல்லாம் நிரப்பி வைத்திருக்கிறார். அம்மாவோ “பாப்பம் பிள்ளை, இந்த மாம்பழக் காலம் முடியட்டும்” என்கிறார். அது முடிந்தால் பலா காய்த்திருக்கும். அதுவும் முடிந்தால் முருங்கை பூத்திருக்கும்.

பெரியவரின் கை எனக்குப் பாடம் சொல்கிறது, காத்திரு என்கிறது, என்று முடித்துவிட்டால் நிம்மதியாக இருக்கும். முடிக்க விடாமல் குறுக்கே நிற்பது அவருடைய இன்னொரு மரம். தோட்டத்தின் மூலையில் நின்ற பேரி மரத்தை அவர் செப்டெம்பர் தொடக்கத்திலேயே ஒன்றும் மிச்சமில்லாமல் ஆய்ந்து இறக்கியிருந்தார். எல்லாம் பச்சை, கடித்தால் பல்லுக்கு ஏறாத கெட்டி. பேரி மரத்திலேயே பழுத்தால் விதையைச் சுற்றி உள்ளிருந்து பழுப்பாகத் தொடங்கும். வெளித்தோல் அழகாகவே இருக்கும், வெட்டினால்தான் தெரியும். ஆகவே காயாக ஆய்ந்து, குளிர்ந்த அறையில் அடுக்கி, பிறகு உள்ளே கொண்டுவந்து பழுக்கவைக்க வேண்டும். அதைச் செய்ததும் அதே கைதான். அப்பிளிடம் காத்திருந்தவர் பேரியிடம் காத்திருக்கவில்லை. இரண்டிலும் அவர் சரி.

அப்படியென்றால் அம்மா அப்பிளா, பேரியா?

அம்மப்பா நாள்தோறும் மிருத்யுஞ்சய மந்திரம் சொல்லுவார். திண்ணையில் வைத்து அதற்குப் பொருளும் சொன்னார், பாதிதான் நினைவிருக்கிறது. பற்றிலிருந்து விடுபடுவதற்கு அதில் வெள்ளரியை உவமையாக வைத்திருக்கிறார்கள் என்றார். வெள்ளரிப்பழம் நிலத்தில் கிடந்தே பழுக்கிறது. பழுத்ததும் காம்பு தானே கழன்றுவிடும். விழுவதற்கு உயரமில்லை, ஆகவே அடியும் இல்லை. கொடி பழத்தை விடுகிறதா, பழம் கொடியை விடுகிறதா என்று நான் கேட்டேனா, அல்லது கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேனா, தெரியவில்லை. அம்மப்பா சொன்ன பதிலும் நினைவில்லை. ஆனால் இன்று எனக்கு வேண்டியிருப்பது அந்தப் பதில்தான். அம்மா வளவை விடவில்லையா, வளவு அம்மாவை விடவில்லையா, இல்லை, அம்மா அங்கே இருக்கும்வரை எனக்கும் அங்கே ஒரு வீடு இருக்கிறது என்று நான்தான் விடாமல் இருக்கிறேனா?

அக்காவுக்குச் சாதகமாகவும் ஒரு மரத்தை நான் அறிவேன். இங்கே சமையலுக்கு எல்லோரும் வாங்கும் புளிப்பு அப்பிளுக்குப் பிராம்லி என்று பெயர். நொட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில், 1809இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற இளம்பெண் ஊன்றிய விதையிலிருந்து வந்தது அது. 1846இல் அந்த வீட்டை மத்தேயு பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். பத்து வருடம் கழித்து நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவர் ஒட்டுக்கிளை கேட்டு வந்தபோது, என் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றார் பிராம்லி. ஊன்றியவளுடைய பெயர் பழத்துக்குக் கிடைக்கவில்லை. 1900இல் அந்த மரம் புயலில் சாய்ந்தது. சாய்ந்த கிளை மண்ணைத் தொட்ட இடத்தில் அது மறுபடி வேர்விட்டு எழுந்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காய்த்தது. கிழட்டு மரமும் விழுந்த இடத்தில் வேர்பிடிக்கும் என்று இதை அக்காவிடம் சொன்னால் அன்றைக்கே டிக்கெற் போட்டுவிடுவார். ஆனால் அந்த மரம் விழுந்ததும் எழுந்ததும் அதே தோட்டத்து மண்ணில்தான். ரொறன்ரோவில் பதினெட்டாம் மாடியில் அம்மாவின் கை எந்த மண்ணைத் தொடும்?

இருந்தாலும் கிணற்றடியில் இன்னொரு தரம் விழுந்தால்? அன்றைக்குக் காத்திருந்தோம், மதித்தோம் என்று சொல்வதில் யாருக்கு என்ன ஆறுதல்? இரவில் இந்த நினைப்பு வரும்போது நான் முழுவதும் அக்காவின் பக்கம். காலையில் அம்மா தொலைபேசியில் முருங்கைப்பூவைப் பற்றிப் பேசும்போது முழுவதும் அம்மாவின் பக்கம்.

மரத்தில் இருப்பதைத் தூக்கிப் பார்த்து அறியலாம். மனிதரைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். நான் கேட்கிறேன், அம்மா பாப்பம் என்கிறார். அது மறுப்பா, தயக்கமா, என்னைக் கொஞ்சம் வற்புறுத்து என்பதா என்று தொலைபேசியில் பிடிபடவில்லை. தைப்பொங்கலுக்கு நேரே போகிறேன். சூப்பர் விசாப் படிவங்களில் கையெழுத்து வாங்கிவர வேண்டும் என்று அக்கா அவற்றை எனக்கு அனுப்பியிருக்கிறார். கொண்டுபோவேன். ஆனால் அம்மாவுக்கு முன்னால் பெட்டியைத் திறந்து அவற்றை வெளியே எடுப்பேனா என்று இப்போது கேட்டால், என்னிடம் பதில் இல்லை.