பதவியைக் கேட்கலாமா?

பதவியைக் கேட்டு வாங்க வேண்டாம் என்று அப்துர் ரஹ்மான் இப்னு சமுரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். உள்ளாட்சித் தேர்தலிலோ கேட்காதவருக்குப் பதவியே இல்லை; வேட்புமனு என்பதே கேட்பதுதான். அப்படியானால் நல்லவர்கள் ஒதுங்கிவிடுவதா?

யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டார்களே! குலத்தைக் காட்டிக் கேட்கவில்லை. பாதுகாக்கவும் தெரியும், அதற்கான அறிவும் உண்டு என்று சொல்லிக் கேட்டார்கள். பஞ்சம் வரப்போவது தெரிந்தும் அவர்கள் பேசாமல் இருந்திருந்தால் பட்டினி மக்களுக்குத்தான்.

கேட்கப்படுகிற நமக்குச் சோதனை இன்னும் பெரிது. போடி நகராட்சி வார்டுகளில் கட்சிச் சின்னம் உண்டு. சிலமலை போன்ற கிராம ஊராட்சிகளில் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் அது கிடையாது. 2019 டிசம்பர் தேர்தலும் அப்படித்தான் நடந்தது. நிற்பவர் மாமா மகனாக இருப்பார், அல்லது ஏலத்தோட்டத்துக்கு நம்மோடு ஒரே ஜீப்பில் வருபவராக இருப்பார். வாக்கு ஒரு சாட்சியம் என்றார்கள் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்). சாட்சியத்தில் உறவு பார்க்கக் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை (4:135). கட்சிக்காரரை மறுப்பது எளிது. மச்சானை மறுப்பதுதான் கஷ்டம். அதற்காக உறவை முறிக்கவும் கூடாது. சலாமும் நிக்காஹ் அழைப்பும் முன்போலவே இருக்கட்டும். வாக்குக் கேட்டு வந்தால் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, "மச்சான், ஊராட்சி வரவு செலவுக் கணக்கு பார்க்கத் தெரியுமா?" என்று கேளுங்கள்.