முகமுள்ள நோயும் முகமில்லாத நோயும்

இல்-பிசார் மொன்றியல் நகரின் வடமேற்கு மூலையில், ஆறு சூழ்ந்து கிடக்கும் ஒரு சிறு தீவு. 1873 இல் தொடங்கப்பட்ட, வட அமெரிக்காவின் மிகப் பழைய கோல்ப் கழகம் 1959 முதல் இங்கேதான் இருக்கிறது. புல்வெளிகளுக்கும் பெரிய வீடுகளுக்கும் பெயர்போன இத்தீவுக்கு நாம் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் வேலைக்கு வந்து போகிறோம். நாம் என்பது ஒரு விருந்து மண்டபத்துக் குசினியின் பின்பக்கத்தில் நிற்கும் நாலு தமிழர்: கோப்பை கழுவுபவர் இருவர், மரக்கறி வெட்டுபவர் ஒருவர், சூப் கிண்டுபவர் ஒருவர்.

சென்ற கோடையில் அங்கு ஒரு விருந்து. மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி சேர்க்கும் சங்கமொன்று நடத்தியது. பிரபலமான பழைய ஹொக்கி வீரர் ஒருவர் வந்திருந்தார். அவர் கையொப்பமிட்ட மேற்சட்டை ஏலத்தில் போனது. அது போன விலை எமது ஆறு மாதச் சம்பளம். ஊஞ்சற் கதவின் வட்டக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உவர் குடுக்கிறது தன்ர பேருக்கு. வருத்தக்காரருக்கில்லை" என்றார் எம்மில் மூத்த அண்ணர்.

"ஆருக்கெண்டு குடுத்தாலென்ன அண்ணை, காசு போய்ச் சேருதுதானே" என்றான் இளையவன்.

இந்த இரு வசனங்களையும் இரவு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தோம். இன்றும் இறக்கி வைக்க முடியவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாம் படித்த மெய்யியல் இரண்டாம் வருடத்தோடு போரில் நின்றுபோயிற்று. மிஞ்சியதில் கான்ற் 1785 இல் எழுதிய கடைக்காரர் உதாரணம் ஒன்று. விபரம் தெரியாத குழந்தை வந்தாலும் அவர் சரியான விலைக்கே விற்பார். வியாபாரம் நிலைக்க வேண்டுமென்பது அவர் எண்ணம். அச்செயல் சரியானது, ஆனால் அதில் அறப்பெறுமதி இல்லை என்பார் கான்ற். அண்ணரின் பக்கம் கான்ற் நிற்கிறார். ஆனால் குழந்தையின் கையைப் பாருங்கள். சரியான மிச்சக்காசு அதில் இருக்கிறது. குழந்தைக்கு அது போதும். இளையவனின் பக்கம் குழந்தை நிற்கிறது.

இந்த மாகாணத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. பாடகி செலின் டியோன் மொன்றியலுக்குக் கிழக்கே சார்ள்மாஞ் என்ற ஊரில், பதினாலு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். அவருடைய அக்காவின் மகளுக்கு, எமது முறையில் சொன்னால் பெறாமகளுக்கு, சிஸ்ரிக் பைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய். நுரையீரலிலும் சமிபாட்டு உறுப்புகளிலும் தடித்த சளி அடைத்து, மூச்சை மெல்ல மெல்ல முடக்கும் நோய் அது. டியோன் 1982 இலேயே, பதினாலு வயதில், இந்நோய்க்கான சங்கத்தோடு சேர்ந்தார். கியூபெக்குக்கு வெளியே அவரை அப்போது யாரென்று தெரியாது. பெறாமகள் 1993 இல், பதினாறு வயதில் அவர் கைகளிலேயே இறந்தாள். அதற்குப் பின்னும் அவர் அந்தச் சங்கத்தை விடவில்லை. பெயர் தேடித்தான் போனார் என்று இதைப் பார்த்துச் சொல்ல எமக்கு நா எழவில்லை.

காசு போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தது. 1989 இல் ரொறன்ரோ குழந்தைகள் மருத்துவமனையில் லாப்-சீ சுய் என்பவரும் அமெரிக்காவின் பிரான்சிஸ் கொலின்ஸ் முதலானோரும் இந்நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தனர். சுய் ஷாங்ஹாயில் பிறந்து ஹொங்கொங்கில் வளர்ந்து இங்கு வந்தவர். அவர் முகத்தை வீதியில் அடையாளம் காண்பவர் எத்தனை பேர்? முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 இல், நோயாளர்களில் பெரும்பாலோருக்கு உதவும் ட்ரிகாஃப்டா என்ற மருந்து கனடாவில் அனுமதி பெற்றது. ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு அதன் பட்டியல் விலை சுமார் 3 லட்சம் டொலர். அந்த மருந்துக் கம்பனியின் ஆராய்ச்சிக்கு ஆரம்பத்தில் பணம் கொடுத்தது அமெரிக்க நோயாளர் அறக்கட்டளை. தனக்குச் சேரவேண்டிய உரிமைப் பணத்தை அது 2014 இல் 330 கோடி அமெரிக்க டொலருக்கு விற்றது. உண்டியலில் விழுந்த சில்லறை மருந்தாயிற்று. அந்த மருந்துக்குச் சமூகம் இன்னொரு தடவை விலை கொடுக்கிறது. பிரபலத்தின் ஒளி ஆய்வுகூடம் வரை போகிறது, விலைச்சீட்டு எழுதும் மேசைக்குப் போவதில்லை.

அண்ணரின் கேள்வியை, ஆகவே, இப்படித் திருத்தலாம்: கொடுப்பவரின் நோக்கம் என்ன என்பதல்ல பிரச்சினை, எந்த நோய்க்கு ஒளி விழவேண்டுமென்று யார் தீர்மானிக்கிறார் என்பதே. 2022 டிசெம்பரில் டியோன் தனக்கு உடலை விறைக்கச் செய்யும் நரம்பு நோய் இருப்பதாக அறிவித்தார். பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வரும் நோய். வைத்தியர்களிலேயே பலர் கண்டிராத அதன் பெயர் ஒரே நாளில் உலகெங்கும் போயிற்று. 2024 இல் அவருடைய அறக்கட்டளை கொலராடோவில் இத்தகைய நோய்களை ஆராய 20 லட்சம் டொலர் கொடுத்தது. அந்நோயால் தனியே வாடிய மற்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் அந்நோய் ஒரு பாடகியின் உடலைத் தேடி வந்திராவிட்டால்?

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் நெல் விளைவிப்பவர்களின் சிறுநீரகங்கள் 1990கள் தொடக்கம் காரணம் தெளிவாகாமலே பழுதாகி வருகின்றன. வவுனியாப் பக்கத்து விவசாயிகளிடமும் அது உண்டு. அந்த நோயின் பெயர் இத்தீவின் எந்த விருந்திலும் எமது காதில் விழுந்ததில்லை. வயலில் நிற்பவனின் முகத்தை யார் சுவரொட்டியில் போடுவார்?

எமது பெரியம்மாவுக்குச் சலரோகம். 1990களின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, குளிர்சாதனப் பெட்டி இல்லை. இன்சுலின் போத்தலைச் சீலையில் சுற்றி, ஈரமணல் நிரப்பிய மண்முட்டிக்குள் புதைத்து வைத்திருப்பார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அந்த முட்டியைத் தூக்கி நடந்தது எட்டு வயதான நாம். மறு வருடம் வன்னியில் மருந்து கிடைக்காமல் அவர் போய்விட்டார்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகே தெரிந்தது, இன்சுலின் பிறந்த இடம் ரொறன்ரோ என்று. 1923 இல் அதன் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தபோது கண்டுபிடித்தவர்கள் பெற்றது ஆளுக்கு ஒரு டொலர். அதற்கு முந்திய ஆண்டு, மருந்து மிக அரிதாக இருந்த வேளையில், அமெரிக்க வெளிநாட்டமைச்சர் ஹியூஸின் மகள் எலிசபெத்துக்காகத் தாய் பான்டிங்குக்கு எழுதினார். முதலில் மறுத்த வைத்தியர் பின்னர் ஏற்றுக்கொண்டார். எலும்பும் தோலுமாக வந்த சிறுமி 1981 வரை வாழ்ந்தார். வாழ்நாளில் தன் நோயை அநேகமாக எவரிடமும் சொல்லவில்லை. அதே காலத்தில் மருந்தின்றி இறந்த பிள்ளைகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் பிழைத்தது பிழையல்ல. மற்றவர்கள் பிழைக்காததுதான் பிழை. பெரியம்மாவின் முட்டியை நினைக்கும்போதெல்லாம் இதையே சொல்லிக்கொள்கிறோம்.

ஆனால் பிரபலங்களைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை எமக்கு உண்டா? 2009 இன் தொடக்கத்தில் வன்னியில் சனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, இங்குள்ள எம்மவர் பனியில் வீதிகளில் நின்றனர். உலகம் பார்க்கவில்லை. பாடகி மாயா அருள்பிரகாசம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதைப் பற்றிப் பேசியபோது எத்தனை வீடுகளில் கண்ணீர் விட்டார்கள்! எமது சாவுக்கும் ஒரு தெரிந்த முகம் தேவைப்பட்டது. அப்போது நாம் அவருடைய நோக்கத்தை ஆராயவில்லை. நனைந்தவன் குடை பிடிப்பவனின் சாதகத்தைக் கேட்பதில்லை.

முகமில்லாமலும் காரியம் நடந்ததை இதே நாட்டில் கண்டிருக்கிறோம். 2012 இல் மத்திய அரசு அகதிக் கோரிக்கையாளரின் மருத்துவ உதவியை வெட்டியது. பலருக்கு இன்சுலின் போன்ற மருந்துகளும் இல்லையென்றாயிற்று. கியூபெக் தன் பங்குக்கு ஓரளவு ஈடுசெய்தது. அப்போது வெள்ளைச் சட்டையோடு வைத்தியர்கள் வீதிக்கு வந்தனர், அமைச்சர்களின் கூட்டங்களில் எழுந்து நின்று கேட்டனர். 2014 இல் நீதிமன்றம் அந்த வெட்டைக் கொடுமையானதென்றது. 2016 இல் உதவி முழுமையாகத் திரும்பியது. அந்த வைத்தியர்களின் முகங்கள் எமக்கு ஞாபகமில்லை. அவர்கள் கேட்டது கருணையை அல்ல, உரிமையை. உரிமைக்கு அழகான முகம் தேவையில்லை. பிரபலத்தின் ஒளி விலகினாலும் அது அணையாது.

எனவே எமது முடிவு இது. பிரபலம் தன் முகத்தைக் கடன் கொடுப்பது நல்லதே, வாங்கிக்கொள்வோம். ஆனால் ஒரு சமூகம் தன் நோயாளரை அந்தக் கடனிலேயே விட்டுவைப்பது கேவலம். விருந்தில் கைதட்டுபவர்கள் வீட்டுக்குப் போய், வரியைக் குறை என்று வாக்களித்தால், தட்டிய கைக்கு அர்த்தமில்லை.

அன்றிரவு விருந்து முடிந்து மேசைகளைத் துடைக்கையில், ஒரு சிறுமியின் படம் ஒட்டிய தகர உண்டியல் ஒன்று மறந்துபோய்க் கிடந்தது. யாருடைய பெயருக்காகக் கொடுக்கிறார்கள் என்று கேட்ட அதே அண்ணர், ஈரக்கையைச் சீலையில் துடைத்துவிட்டு, ரிப்ஸ் காசில் இரண்டு டொலரை எடுத்து அதற்குள் போட்டார். எவரும் பார்க்கவில்லையென்று நினைத்திருப்பார். நாம் பார்த்தோம், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மிச்சக் கோப்பைகளைக் கழுவினோம்.

இதுபற்றி வேறு விதமாக நினைக்கும் வாசகர்கள் எழுதவேண்டும்.