கம்பளச் சலவையும் அமானிதமும்

ரமலான் நெருங்கும்போது நம் பள்ளிவாசல்களில் இரண்டு வேலைகள் பற்றிப் பேச்சு எழும். சுவருக்கு வெள்ளை அடிப்பது ஒன்று. விரிப்புகளைக் கழுவுவது மற்றொன்று. கோரைப் பாயும் பவானி ஜமக்காளமும் விரித்திருந்த காலத்தில் இரண்டாவது வேலைக்கு வெளியாள் தேவைப்படவில்லை. மஹல்லாவின் வாலிபர்கள் ஹவுளுக்கு அருகில் போட்டுத் துவைத்து, மதில்மேல் காயவைத்து, அஸருக்கு முன் விரித்து விடுவார்கள். இன்றோ பல பள்ளிகளில் சுவருக்குச் சுவர் கம்பளம். வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்களின் வீடுகளிலும் கனத்த கம்பளங்கள் கிடக்கின்றன. இவற்றைக் கழுவ இயந்திரமும் வேண்டும், தொழில் தெரிந்த ஆளும் வேண்டும். யாரை நம்பிக் கொடுப்பது? என்ன கூலி நியாயம்?

இது கடைத்தெருக் கேள்விதானே, மார்க்கப் பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று சிலர் நினைக்கக்கூடும். நமது ஃபிக்ஹு நூல்கள் அப்படிக் கருதவில்லை. கூலிக்கு அமர்த்துவதைப் பற்றிய ‘இஜாரா’ பாடத்தில் அவை திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் மனிதர்களில் சலவைக்காரரும் ஒருவர். நம்முடைய பொருள் நம் கண்ணுக்கு அப்பால், அவருடைய கையில் இருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும்.

அவரிடம் கொடுத்த துணி தொலைந்து போனால் யார் பொறுப்பு? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், அது அவர் கையில் அமானிதம்; அவர் தவறு செய்யாதவரை ஈடு கேட்க முடியாது என்றார்கள். அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃப் (ரஹ்), முஹம்மது (ரஹ்) இருவரும், பெருந்தீ போன்ற தடுக்க முடியாத காரணம் இருந்தாலொழிய அவர் ஈடு தரவேண்டும் என்றார்கள். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களைப் பற்றி அவர்களுடைய மாணவர் ரபீஉ (ரஹ்) சொல்லும் செய்தி சிந்திக்கத் தக்கது. தொழிலாளியின் மீது ஈடு இல்லை என்பதே இமாமின் கருத்து. ஆயினும் கெட்ட தொழிலாளிகள் அதைப் பிடித்துக்கொள்வார்களே என்று அஞ்சி, அதை வெளிப்படையாகச் சொல்லாமல் இருந்தார்களாம். நல்லவனைச் சந்தேகிக்கவும் கூடாது, கெட்டவனுக்கு வழிதிறந்து விடவும் கூடாது. அந்த மாமேதைகளுக்கே இது கடினமாக இருந்திருக்கிறது.

கம்பளத்தில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். மதீனத்துச் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தியை நாம் அறிவோம். மழையில் நனைந்ததை மேலே தெரியும்படி வைத்திருக்க வேண்டாமா என்று அந்த வியாபாரியைக் கண்டித்தார்கள். கம்பளமும் அத்தகைய குவியல்தான். மேலே பூ மலர்ந்தாற்போல் தெரியும். அடியில் ஈரம் தங்கியிருக்கும். கம்பளி மயிர் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. சரியாக உலர்த்தாமல் விரித்தால் அடிப்புறம் பூசணம் பிடித்து நாறும். சோப்பு நுரையை நன்றாக அலசி எடுக்காவிட்டால், எஞ்சிய பிசுக்கில் மறுபடியும் அழுக்கு விரைவாக ஒட்டும். சலவைத் தூளில் உள்ள குளோரின் கம்பளி மயிரையே அரித்துவிடும்.

இப்போது கூலிக்கு வருவோம். முறையாகச் செய்பவர் முதலில் புழுதியைத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு ஓர் ஓரத்தில் நனைத்த வெள்ளைத் துணியை அழுத்திச் சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் கழுவி, அலசி, நீரை உறிஞ்சி, உலர்த்த வேண்டும். நாம் பேரம் பேசிப் பேசிப் பாதிக்கூலிக்கு அவரை இறக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திர வாடகை குறையாது, மின்சாரக் கட்டணமும் குறையாது. எதைக் குறைப்பார்? நம் கண்ணுக்குத் தெரியாததைத்தான் குறைப்பார்: இரண்டாவது அலசலை, உலர்த்தும் நேரத்தை. அது அவருடைய குற்றம்தான், ஐயமில்லை. ஆனால் அந்தக் கூலிக்கு அந்த வேலை நடக்காது என்று தெரிந்தே அமுக்கியவருக்கு அதில் பங்கில்லையா?

“அவர் சம்மதித்தார்தானே!” என்பார்கள். பேரம் ஆகுமானதுதான். மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோதுகூட நபி (ஸல்) அவர்கள் விலையைக் கட்டி நிர்ணயிக்க மறுத்தார்கள். எனினும், வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காக ஒருவர் தலையாட்டுவதை முழுமனச் சம்மதம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

வக்ஃபுச் சொத்தைப் பார்க்கும் முத்தவல்லிகள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பொதுப் பணம், ஆகவே யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கே என்று முடிவு செய்வது எளிது. கணக்குப் புத்தகமும் அழகாக இருக்கும். ஆனால் பணம் மட்டுமா வக்ஃபு? கம்பளமும் வக்ஃபுதான். சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து, ஜமாஅத்தார் நெற்றி பதிக்கும் விரிப்பை நாற்றமெடுக்க வைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

மறுபக்கமும் உண்டு. குறைந்த விலை சொல்லி உள்ளே நுழைந்து, கம்பளத்தை நனைத்த பிறகு, கறைக்குத் தனி, வாசனைக்குத் தனி என்று கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலையும் கூலியும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று இஜாராவுக்கு நிபந்தனை வைத்ததன் அருமை அப்போதுதான் புரியும். அளவையும் நாமே எடுத்து வைத்திருப்பது நல்லது. 9 அடிக்கு 12 அடி என்றால் 108 சதுர அடி. தாராளமாக நாடாவை இழுத்து 10க்கு 13 என்று எழுதினால் 130. சதுர அடிக்குப் பத்து ரூபாய் என்றாலும் 220 ரூபாய் காற்றில் போகிறது. அளவையில் மோசடி செய்வோரைப் பற்றி இறங்கிய முதஃப்பிஃபீன் அத்தியாயம் தராசுக்கு மட்டுமல்ல, நாடாவுக்கும் உரியதே.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு மயக்கம், “நம்ம ஆளுக்கே கொடுப்போம்” என்பது. சகோதரருக்கு உதவுவது நன்றே. ஆனால் 622ஆம் ஆண்டு, உயிருக்கே ஆபத்தான ஹிஜ்ரத் பயணத்தில், நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி அப்போது முஸ்லிம் அல்லர். பாதை அறிந்தவர், நம்பத் தகுந்தவர் என்பதே பார்க்கப்பட்டது. மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி அந்தப் பெண்மணி தம் தந்தையிடம் பரிந்துரைத்ததாக கஸஸ் அத்தியாயம் சொல்வதும் இந்த இரண்டையுமே: ஆற்றலும் நம்பகமும். ஏற்கெனவே கழுவிக்கொண்டவர் வீட்டுக்குச் சென்று கம்பளத்தின் அடிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். அச்சடித்த விளம்பரம் சொல்லாததை அது சொல்லும்.

தஹாரத் விஷயம் மட்டும் அவர் பொறுப்பல்ல, நம் பொறுப்பு. குழந்தை எந்த இடத்தில் நனைத்தது என்று நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? வெட்கப்பட்டு மறைப்பதும் ஒருவகை மோசடியே. வெறும் நுரை தேய்த்துத் துடைத்தால் அழுக்குப் போகும்; நஜீஸ் நீங்காது. ஷாபிஈ மத்ஹபில் நஜீஸின் அடையாளம் நீங்கிய பின் அவ்விடத்தின் மீது கலப்பற்ற தண்ணீர் ஊற்றப்பட வேண்டும். பிழிய முடியாத விரிப்பை ஹனஃபிகள் மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் நீர் சொட்டுவது நிற்கும்வரை விடுவார்கள். அந்த இடத்தைக் காட்டி, கடைசியில் வெறும் தண்ணீர் விடச் சொல்லுங்கள். அதற்கு அதிக நேரம் பிடித்தால் அதற்கும் கூலி பேசுங்கள்.

கூலி கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி ஏவப்பட்டிருக்கிறோம். கம்பளம் உலரவோ ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அடிப்புறத்தைப் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், பெரும்பகுதிக் கூலியை வேலை முடிந்த மாலையே கொடுத்து விடுகிறார்கள். ஒரு சிறு தொகை மட்டும் மறுநாள் லுஹருக்குப் பின், அவரையும் உடன் வைத்துக்கொண்டு கம்பளத்தைப் புரட்டிப் பார்த்தபின் கொடுக்கப்படுகிறது. இதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சலவைக்காரர் நான்கு வருடங்களாக அவர்களிடமே வந்துகொண்டிருக்கிறார்.