நம் இரத்தம் யாருடையது?





சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேச்சுகள் என் காதில் விழுந்தன. அஸருக்குப் பிறகு பள்ளிவாசலின் பின்சந்தில் ஒரு தம்பி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். "ஏம்பா, இது உனக்கே நல்லதா?" என்று கேட்டேன். "என் உடம்பு, என் காசு ஹஜ்ரத். யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

இரண்டு நாள் கழித்து, பிரசவத்தில் அதிகமாக இரத்தம் போய்விட்ட ஒரு பெண்ணுக்கு அவசரமாக இரத்தம் வேண்டும் என்று மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை கிளம்பிவிட்டது. அதன் அத்தா வாசலிலேயே தடுத்துவிட்டார். "இது அல்லாஹ் கொடுத்த உடம்பு. இதிலிருந்து எடுத்துக் கொடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?" என்றார். வேறொருவர் போய்க் கொடுத்தார். தாயும் பிள்ளையும் நலம், அல்ஹம்துலில்லாஹ்.

தம்பிக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்லிவிட்டேன். அந்த அத்தாவுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் முதல் பாதி சரி. உடல் நமக்குச் சொந்தமில்லை, அமானிதம் என்று மிம்பரில் நின்று சொல்கிறவர்கள் நாம்தானே!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் கையை முஷ்டியாக மடக்குங்கள். ஏறத்தாழ அந்த அளவுதான் உங்கள் இதயம். நீங்கள் தாயின் வயிற்றில் நான்கு வாரக் கருவாக இருக்கும்போது அது துடிக்க ஆரம்பித்தது. இன்றைக்கும் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. உடம்பில் இருக்கும் இரத்தம் சுமார் 5 லிட்டர். நீங்கள் சும்மா உட்கார்ந்து இதைப் படிக்கும்போதே, ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ அவ்வளவையும் அது ஒரு சுற்று அனுப்பிவிடுகிறது. மூச்சையாவது கொஞ்ச நேரம் அடக்கலாம். இதயத்தை "நில்" என்று சொல்லி நிறுத்த எந்த அரசனாலும் முடியாது. "என் உடம்பு" என்கிறோமே, இதில் நம் உத்தரவு எங்கே இருக்கிறது?

இங்கே ஒரு சின்ன விஷயம். நாம் பேச்சுவழக்கில் "நரம்பில் ஊசி போட்டார்கள்" என்போம். ஊசி போடுவது நரம்பில் அல்ல, இரத்த நாளத்தில். நரம்பு வேறு. சூரா காஃபின் 16-வது வசனத்தை மொழிபெயர்க்கும்போது பலரும் "பிடரி நரம்பு" என்று எழுதுவதும் இந்தப் பழக்கத்தால்தான். அங்கே சொல்லப்படுவது கழுத்தில் ஓடும் இரத்த நாளம். அதைவிட நெருக்கமாக இருப்பவன்தான் அதன் உரிமையாளன்.

இந்த இரத்தம் எப்படிப் பயணம் செய்கிறது என்பதை மனிதன் புரிந்துகொள்ள நீண்ட காலம் பிடித்தது. கிரேக்க மருத்துவர் காலன் 2-ம் நூற்றாண்டில் சொன்னார்: சாப்பாட்டிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது, உறுப்புகள் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன, இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியே கொஞ்சம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உலகம் இதையே படித்தது. 13-ம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்த இப்னு நஃபீஸ், இப்னு சீனாவின் மருத்துவ நூலுக்கு விரிவுரை எழுதும்போது இதை மறுத்தார். அந்தச் சுவரில் துளை கிடையாது. இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றுடன் கலந்து, பிறகுதான் இடப்பக்கம் வருகிறது என்றார். இவர் மருத்துவர் மட்டுமல்ல, ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹ் அறிஞரும்கூட. இப்னு சீனாவை மதித்துக்கொண்டே அவர் நூலுக்குள்ளேயே அவரோடு மாறுபட்டார். (இந்த ஒழுக்கத்தை நம் ஜமாஅத் கூட்டங்களில் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.) தம் வீட்டையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் எழுதியது நெடுங்காலம் மறந்து கிடந்தது. 1924-ல் ஜெர்மனியில் படித்த ஓர் எகிப்திய மருத்துவர் பெர்லினில் இருந்த கையெழுத்துப் பிரதியில் அதைக் கண்டெடுத்தார். இதற்கிடையில் 1628-ல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி முழுச் சுற்றையும் விளக்கியிருந்தார்: இரத்தம் தீர்ந்துபோவதில்லை. தமனி வழியே போகிறது, சிரை வழியே திரும்புகிறது.

காலன் சொன்னபடி பார்த்தால், வந்த இரத்தத்தை வாங்கிய உறுப்பு தின்றுவிடும், கணக்கு முடிந்தது. உண்மையில் எந்த உறுப்பும் அதை வைத்துக்கொள்வதில்லை. முடியைவிட மெல்லிய தந்துகிகளில் சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக நெளிந்து போகின்றன. பக்கத்தில் இருக்கும் திசு தேவையான ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது, இரத்தத்தை அடுத்ததற்கு விட்டுவிடுகிறது. இதயமே அப்படித்தான். அதன் அறைகள் நிறைய இரத்தம். ஆனால் தன் தசைக்கு வேண்டியதை அது அங்கிருந்து எடுப்பதில்லை. பெருந்தமனியின் தொடக்கத்தில் பிரியும் இரண்டு சிறு நாளங்கள் வழியே நூற்றில் ஐந்து பங்கு அளவுதான் அதற்குக் கிடைக்கிறது. பைத்துல்மால் பெட்டியைக் காவல் காக்கும் பொருளாளர், பெட்டிக்குள் கை விடாமல் தன் சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொள்வது போல. அந்த இரண்டு நாளங்களில் அடைப்பு ஏற்படும்போதுதான் மாரடைப்பு வருகிறது. நாளங்களின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே ஓர் உயிரணு கனமுள்ள மெல்லிய படலம். சிகரெட் புகை முதலில் கெடுப்பது அதைத்தான். கெடும்போது வலிக்காது. "யாருக்கு நஷ்டம்" என்று கேட்ட தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இப்போது அந்த அத்தாவின் கேள்விக்கு வருகிறேன். என்னுடையது இல்லை என்றால் நான் எப்படிக் கொடுப்பது?

அமானிதத்தை வீணாக்கக் கூடாது, விற்கக் கூடாது. இரண்டும் சரி. இரத்தத்தின் விலையை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. நம் நாட்டில்கூட, 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, 1998 ஜனவரி முதல் காசு வாங்கிக்கொண்டு இரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. ஆனால் உரிமையாளனின் விருப்பம் எதில் என்று தெளிவாகத் தெரியும்போது, அதில் செலவிடுவது மோசடி ஆகுமா? ஓர் உயிரை வாழவைப்பதை மனித குலம் முழுவதையும் வாழவைப்பதற்குச் சமமாக சூரா மாயிதாவில் அவன் வைத்திருக்கிறான். அதோடு, இந்தப் பொருளை அவன் எப்படிப் படைத்திருக்கிறான் என்றும் பாருங்கள். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள்தான் வாழும். நீங்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது அழிந்து, எலும்பு மஜ்ஜையிலிருந்து புதியது வரும். 350 மில்லி எடுத்தால், நீர்ப்பகுதி ஓரிரு நாளில் நிரம்பிவிடும், அணுக்கள் சில வாரங்களில் ஈடாகிவிடும். அதனால்தான் ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி. தற்கால அறிஞர்களில் பெரும்பாலோர் தேவைக்காக இரத்தம் கொடுப்பதை அனுமதிப்பதும் இந்த அடிப்படையில்தான்.

இதை அப்படியே நீட்டி "எதையும் வெட்டிக் கொடுக்கலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். சிறுநீரகம் திரும்ப முளைக்காது. அதில் கருத்து வேறுபாடு இருக்கிறது, இன்று அதற்குள் நான் போகவில்லை. இரத்தத்திலும்கூட ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே இருந்தால் எடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர் அடம்பிடித்துக் கொடுப்பதும் அமானிதத்தில் தவறுவதுதான்.

அந்தத் தம்பி, பொருள் தன்னுடையது என்று நினைத்துச் செலவழிக்கிறார். அந்த அத்தா, தன்னுடையது இல்லை என்று பூட்டி வைக்கிறார். பொருளைக் கொடுத்தவன் எதற்காகக் கொடுத்தான் என்று இருவருமே கேட்கவில்லை.

போன ஜும்ஆ முடிந்து அந்த அத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் மறுத்தும் பேசவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை முகாம் இருக்காம் ஹஜ்ரத். கொடுத்துவிட்டு வந்தால் பையன் திங்கட்கிழமை நோன்பு வைக்கலாமா?"

நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும், நோன்பை வியாழனுக்குத் தள்ளிக்கொள்ளட்டும் பாய் என்றேன்.