இறங்கி ஏறுவது

மே மாதத்தில் ஒரு நாள் குன்னூரிலிருந்து போன். அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண். பத்தாவது முடித்திருந்தாள்.

"அண்ணா, ப்ளஸ் ஒன்ல லாங்குவேஜ் என்ன எடுக்கறதுன்னே தெரியல. ஃப்ரெஞ்ச் எடுத்தா தொண்ணூத்தஞ்சுக்கு மேல வந்துடும்ங்கறாங்க. தமிழ் மிஸ் என்னன்னா, உனக்கு எழுத வருது, தமிழ்லயே இருங்கறாங்க. நீங்க என்ன எடுத்தீங்க?"

நான் ஃப்ரெஞ்ச் எடுத்தேன்.

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ படித்த பலருக்கும் இந்தக் கணக்கு தெரியும். 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைப் பத்தாவது வரை படிப்படியாகக் கட்டாயமாக்கியது. அதற்கு மேல், வசதியுள்ள பள்ளிகளில் மொழியை மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரெஞ்ச் ஏறக்குறைய அரிச்சுவடியிலிருந்து தொடங்கும். தமிழோ, பத்து வருடம் படித்தவர்களுக்கான வகுப்பு. சங்கப் பாடலும் இலக்கணமும் உண்டு. இரண்டுக்கும் மொத்த மார்க் ஒன்றுதான். என் காலத்தில் 200, இப்போது 100.

"தாய்மொழியை விடலாமா?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடலாம். ஆனால் அவள் வீட்டில் பேசுவது படுக மொழி, கன்னடத்துக்கு நெருக்கமானது. தமிழை அவள் பள்ளியிலும் பஸ்ஸிலும் கற்றுக்கொண்டாள். எனவே அந்த வாதம் அவளிடம் செல்லாது. மிச்சம் நிற்பது ஒரே கேள்வி: சுலபமான வகுப்பு பக்கத்திலேயே இருக்கும்போது, கடினமான வகுப்புக்குப் போகவேண்டிய கடமை ஒருவருக்கு உண்டா?

கடமை இல்லை என்றே நினைக்கிறேன். பதினாறு வயதில் நேரம்தான் சொத்து. பொறியியல் கட்-ஆஃப் என்பது கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொழிப் பாடத்துக்கு அதில் இடமே இல்லை. ஆக, நான் வாங்கிய ஃப்ரெஞ்ச் மார்க் எனக்கு சீட் வாங்கித் தரவில்லை. தமிழுக்குச் செலவாகியிருக்கும் நேரம் கணக்குக்குப் போனது, அது உதவியது. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளையிடம் அப்படிச் சொல்ல எனக்கு அருகதையும் கிடையாது.

நான் செய்த தப்பு வேறு. அந்த மார்க்கைப் பார்த்து "எனக்கு மொழி நல்லா வருது" என்று நம்பினேன். என்னிடம் எவ்வளவு கொஞ்சமாகக் கேட்டார்கள் என்பதைத்தான் அந்த எண் சொன்னது. நான் அதை என்னைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொண்டேன். இன்று ஃப்ரெஞ்சில் என் பெயரைச் சொல்லத் தெரியும். அவ்வளவுதான்.

மென்பொருளில் 'ஹில் கிளைம்பிங்' என்று ஒரு தேடல் முறை உண்டு. நிற்கும் இடத்திலிருந்து எந்தப் பக்கம் மேடோ அந்தப் பக்கம் ஓரடி வை. எல்லாப் பக்கமும் பள்ளம் என்றால் நின்றுவிடு. குன்னூர் மூடுபனியில் இப்படி நடந்தால் பக்கத்துத் தேயிலை மேட்டில் போய் நிற்போம். சுற்றிலும் ஒன்றும் தெரியாததால் அதுதான் 2,637 மீட்டர் தொட்டபெட்டா என்றுகூட நம்பிவிடலாம். நிஜமாகவே தொட்டபெட்டாவுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் அந்த மேட்டிலிருந்து இறங்க வேண்டும். மேல் வகுப்புக்குப் போகிறவருக்கும் முதலில் நடப்பது இறக்கம்தான். மார்க் குறையும், வகுப்பில் வாய் திறக்கத் தயக்கம் வரும்.

அப்படி இறங்க ஒருவருக்கு என்ன காரணம் இருக்க முடியும்? அமெரிக்கத் தத்துவவாதி ஆக்னஸ் காலார்ட் 2018இல் வெளியிட்ட 'ஆஸ்பிரேஷன்' நூலில், இசை ரசனை வகுப்பில் சேரும் மாணவரை எடுத்துக்காட்டாகப் பேசுகிறார். இசையின் அருமையை முழுதாக அறிந்தவருக்கு அந்த வகுப்பே தேவையில்லை. அறியாதவருக்கோ சேர முழுக் காரணம் கிடையாது. அப்படியானால் அவர் மார்க்குக்காகத்தான் சேர்கிறாரா? இல்லை. பின்னால் புரியப்போகிற ஒன்றை இப்போது அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு வருகிறார். அந்த அரைகுறையும் ஒரு நியாயமான காரணம்தான். "உனக்கு எழுத வருது" என்று மிஸ் சொன்னபோது அவளுக்குள் ஏதோ அசைந்திருக்கிறது. இல்லையென்றால் எனக்கு போன் செய்திருக்க மாட்டாள். நேராக ஃப்ரெஞ்ச் எடுத்திருப்பாள்.

அவளிடம் இரண்டு விஷயம் சொன்னேன். "நீ சேரப்போற காலேஜ்ல இந்தப் பதினஞ்சு மார்க்கை எண்ணுவாங்களான்னு முதல்ல விசாரி. எண்ணுவாங்கன்னா கூச்சப்படாம ஃப்ரெஞ்ச் எடு. எண்ண மாட்டாங்கன்னா, எந்த வகுப்புல செய்யற தப்பு உனக்குப் பின்னாடி உதவும்னு பாரு."

"ரெண்டுலயும் தப்பு வராதா அண்ணா?"

"ஃப்ரெஞ்ச்ல நான் பெருசா தப்பே செய்யல. அதான் பிரச்சினை."

தமிழ் எடுத்தாள். காலாண்டுத் தேர்வில் 64. விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கட்டுரை முழுக்கச் சிவப்பு மை. அவள் 'தேயிலை தோட்டம்' என்று எழுதிய இடத்தில் மிஸ் நடுவில் ஒரு 'த்' போட்டிருந்தார்.

"இங்க ஏன் த் வருது அண்ணா? எஸ்டேட் போர்டுல இல்லியே."

நான் எப்போதும் 'த்' போட்டுத்தான் எழுதுகிறேன், பழக்கத்தில். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று பதில் அனுப்பிவிட்டு, அன்றிரவு வேற்றுமைத் தொகையிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.