கூக்குரலும் குற்றமும்

ஓரிடத்திலிருந்து கூக்குரல் எழுந்தால், குற்றமும் அவ்விடத்திலேயே இருக்கிறது என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். வீட்டில் அழுகின்ற குழந்தையை அதட்டுகிறோம்; ஆலையில் முறையிடும் தொழிலாளியைக் குழப்பக்காரன் என்கிறோம்; ஊரில் நியாயம் கேட்பவனை வம்பன் என்று ஒதுக்குகிறோம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை எனக்கு உணர்த்தியது நூலுமன்று, சொற்பொழிவுமன்று. என் மோட்டார் வண்டியின் எஞ்சினில் எழுந்த ஓர் ஒலியேயாகும்.

பெங்களூரில் ஒரு மார்கழி மாதத்துக் காலை. வண்டியைக் கிளப்பியதும் முன்புறத்தில் சுவர்க்கோழி கத்துவது போன்ற ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது தெளிவாகக் கேட்கும். விரைந்து ஓடும்போது மற்ற இரைச்சலில் மறைந்துவிடும். அது பெல்ட்டிலிருந்து வருகிறது என்பதை அறியப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

இந்தப் பெல்ட்டின் வேலை யாதெனில், எஞ்சின் சுழலும் ஆற்றலை மற்ற உறுப்புகளுக்குக் கொண்டு சேர்ப்பதாகும். மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும், குளிர்சாதனக் கருவியும், பல வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பும் அதனாலேயே சுழல்கின்றன. முற்காலத்து வண்டிகளில் இரண்டு மூன்று தனித்தனிப் பெல்ட்டுகள் இருந்தன. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்டு மஸ்டாங் வண்டியில் ஒரே நீண்ட பெல்ட் எல்லாப் புல்லிகளையும் வளைத்துச் செல்லும் முறை வந்தது. பின்னர் அது எங்கும் பரவிற்று. ஆகவே ஒரு பெல்ட் இன்று பலருடைய சுமையைச் சுமக்கிறது. பலருடைய குறைகளும் அதன் வழியாகவே ஒலிக்கின்றன.

முதலில் ஒரு பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த இளைஞன் ஒருவன் பழைய பெல்ட்டைக் கழற்றிப் புதியது பூட்டினான். மூன்று நாள் அமைதி. நான்காம் நாள் அதே ஒலி. நான் சினங்கொண்டு திரும்பிச் சென்று, பலர் முன்னிலையில் அவனுடைய கைவேலையை இகழ்ந்தேன். முதலாளி இன்னொரு பெல்ட் பூட்டச் செய்து, அதன் விலையை அவனுடைய வாரக்கூலியில் பிடித்துக்கொண்டார். நீதி கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து வீடு திரும்பினேன். சில நாளில் ஒலியும் திரும்பிவிட்டது.

வேறொரு பட்டறையில் பெல்ட்டின்மேல் பசைபோன்ற ஒரு மருந்தைத் தெளித்தார்கள். ஒரு வாரம் ஓசையில்லை. பிறகு அந்தப் பசையில் தூசி படிந்து, முன்னிலும் கடுமையாகக் கத்தியது. வாயை அடைப்பதை நோய் தீர்ப்பதென்று எண்ணியதன் பயன் அது.

மூன்றாவதாக வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன். அவர் வந்தவுடன் ஸ்பேனரை எடுக்கவில்லை. சற்று நேரம் நின்று கேட்டார். ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின் உட்புறத்தில், கை படாத தொலைவிலிருந்து சிறிது நீரைத் தெளித்தார். ஒலி நின்றது, சில நொடிகளில் மீண்டும் எழுந்தது. “நீர் பட்டதும் ஒலி மிகுந்தால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது என்று பொருள். அடங்கித் திரும்பவும் வந்தால், புல்லிகள் ஒரே நேரில் இல்லை என்று பொருள்” என்றார்.

எனினும் அவர் அதோடு தீர்ப்புக் கூறிவிடவில்லை. எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றினார். பெல்ட் இல்லாமல் சில நொடிகள் மட்டும் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார், ஒலியில்லை. மீண்டும் நிறுத்தி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றினார். எந்தப் பேரிங்கிலும் சொரசொரப்போ ஆட்டமோ இல்லை. பின்னர் நேரான இரும்புக் கோல் ஒன்றைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பார்த்தார். ஆல்டர்னேட்டரின் புல்லி ஒரு வாஷரின் கனம் முன்னே தள்ளி நின்றது. ஓரடி நீளத்துக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு விலகினாலே இத்தகைய பெல்ட் கத்தத் தொடங்கும் என்றார். இங்கே விலகல் அதனினும் மிகுதி.

அந்த வாஷர் இடம் மாறியது எவ்வாறு? சில மாதங்களுக்கு முன் ஆல்டர்னேட்டரைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்தார்கள். அன்று ஓசூரில் ஒரு திருமணம். நேரமாகிறது, நேரமாகிறது என்று வேலை செய்தவரின் தலைமாட்டிலேயே நின்று விரட்டியவன் நான். அந்த அவசரத்தில் பின்னே இருக்க வேண்டிய வாஷர் முன்னே போயிருக்கிறது. ஒலியைத் துரத்திச் சென்ற நான் இறுதியில் வந்து சேர்ந்தது என்னிடமே!

இங்கே ஒரு வினா எழலாம். காரணத்துக்குக் காரணம் தேடிக்கொண்டே போனால் எவர்மீதும் குற்றமில்லை என்றாகிவிடாதா? திருமணத்துக்கு நாள் குறித்தவரையும் குற்றஞ்சாட்டலாமே? அவ்வாறன்று. முதியவர் வாஷரோடு நின்றார். ஏனெனில் அவர் கையால் திருத்தக் கூடியது அது. நான் என் அவசரத்தோடு நிற்க வேண்டும். ஏனெனில் என்னால் திருத்தக் கூடியது அது. தேடல் நம்மால் திருத்தக் கூடிய இடத்தை அடையும்போது பொறுப்பு தொடங்குகிறது. அதற்கு முன்பே நின்றுவிடுபவன் பிறர்மீது பழி போடுகிறான்; அதைக் கடந்தும் ஓடுபவன் தன் பழியைத் தட்டிக் கழிக்கிறான்.

மறுநாள் முதற் பட்டறைக்குச் சென்று, பிடிக்கப்பட்ட கூலியை அவ்விளைஞனிடம் நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: “பணம் வந்துவிட்டது, ஐயா. எல்லார் எதிரிலும் சொன்னீர்களே, அந்தச் சொல்லை யார் திருப்பித் தருவார்கள்?” நான் முதலாளியையும் மற்றவர்களையும் அழைத்து, அவர்கள் எதிரிலேயே என் பிழையை எடுத்துரைத்தேன். அவன் ஒன்றும் பேசாமல் குனிந்து தன் வேலையைத் தொடர்ந்தான். அவன் மனம் ஆறிற்றா என்பதை நானறியேன். அதைக் கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

வாஷர் தன் இடத்துக்குச் சென்றபின் வண்டி ஓசையின்றி ஓடுகிறது. நான் குறை கூறிய பெல்ட்தான் இன்னும் அதில் சுழல்கிறது. அதனிடம் என்றும் குற்றமிருந்ததில்லை. கோணலாக இழுக்கப்பட்டதால் அது கத்தியது. ஆதலின் நண்பர்களே, எவரேனும் ஓயாது முறையிடுவதைக் கேட்டால், அவரை அடக்கவோ அகற்றவோ முற்படுமுன், அவரைக் கோணலாக இழுப்பது எது என்று பாருங்கள். அவ்விழுப்பில் நம் கையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பின், எவர் முன்னிலையில் பழி சொன்னோமோ அவர் முன்னிலையிலேயே அதை மீட்டுக்கொள்ளுங்கள்.