நஷ்டம் யார் கணக்கில்?

அணுமின் நிலையங்களைப் பற்றிய விவாதம் மீண்டும் சூடு பிடித்திருக்கிறது. ஜப்பானில் 2025 ஜூலையில் கான்சாய் மின்சாரக் கம்பெனி, மிஹாமா என்னும் ஊரில் புதிய அணு உலை கட்ட நில ஆய்வு செய்யப் போவதாக அறிவித்தது. அணு மின்சாரம் பத்திரமானதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வியாபாரிகளாகிய நமக்கோ முதலில் வேறொரு கேள்வி எழுகிறது: நஷ்டம் வந்தால் அதை யார் கணக்கில் எழுதுவது?

அதே ஜப்பானில் நடந்ததைப் பார்ப்போம். புக்குஷிமா நிலையம் அமைந்த இடம் ஆதியில் 30 மீட்டருக்கும் மேலான மேடு. பாறையில் அஸ்திவாரம் இடவும், கடல்நீரை இறைக்கும் செலவைக் குறைக்கவும் அதைச் சுமார் 10 மீட்டருக்கு வெட்டித் தணித்தார்கள். 15 மீட்டருக்கு மேல் அலை எழும்பக்கூடும் என்று 2008-இல் கம்பெனியின் சொந்தக் கணக்கே காட்டியது. இன்னும் ஆராய்வோம் என்று சொல்லி, சுவரை உயர்த்தாமல் விட்டார்கள். 2011 மார்ச் 11-இல் கடல் வந்தது. அவசர மின்சாரம் தரும் டீசல் இயந்திரங்கள் நீரில் மூழ்கின. குளிர்விக்க வழியின்றி மூன்று உலைகளில் எரிபொருள் உருகிற்று. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு வெளியேறினர்.

அன்று பூகம்ப மையத்திற்கு இன்னும் அருகே இருந்தது ஒனகாவா நிலையம். அதைக் கட்டிய நாளில் ஹிராய் யனோசுகே என்ற பொறியாளர், செலவு கூடினாலும் 14.8 மீட்டர் உயரம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கி.பி. 869-இல் அக்கரையைத் தாக்கிய பேரலை அவர் நினைவில் இருந்தது. ஆயிரம் ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்த மனிதர்! 2011-இல் அலை சுமார் 13 மீட்டர் எழுந்தது. உலைகள் பத்திரமாக நின்றன. வீடிழந்த அக்கம்பக்கத்தார் நூற்றுக்கணக்கில் அந்நிலையத்திலேயே தஞ்சம் புகுந்தனர்.

ஆகவே அணு உலையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நிலக்கரிப் புகையும் அன்றாடம் பிறர் மூச்சைக் கெடுக்கிறது. அதற்கு எவரும் ஊரைக் காலி செய்யச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நம் கடைக்கு இன்ஷூரன்ஸ் எடுக்காமல் பணத்தை மிச்சம் பிடித்தால், தீப்பிடித்த அன்று எரிவது நம் முதல். பிறர் நம்மிடம் வைத்த அமானிதத்தை வைத்து அப்படிச் சூதாட நமக்கு உரிமை உண்டா? சுவருக்கான செலவை மிச்சப்படுத்தியது கம்பெனி. வயலையும் மீன்பிடிப்பையும் இழந்தவர்கள் ஊர் மக்கள். நஷ்ட ஈட்டுக்கு வரம்பில்லை என்கிறது ஜப்பானியச் சட்டம். ஆனால் அத்தொகையைக் கம்பெனியால் தனியே தாங்க இயலவில்லை. அரசாங்கம் பணம் கொடுத்தது. 2012-இல் கம்பெனியின் பெரும்பங்கையும் ஏற்றுக்கொண்டது. எல்லை இல்லாத ஜாமீன் என்று பத்திரத்தில் எழுதலாம். கையெழுத்திட்டவனிடம் முதல் இருக்க வேண்டாமா?

மிஹாமாவில் நிலத்தை அளக்கும்போது இதையும் அளக்க வேண்டும். சுவரின் உயரத்தை முடிவு செய்யும் மேசையில் அதன் நிழலில் குடியிருப்பவனுக்கு ஓர் இடம் உண்டா? புக்குஷிமாவில் விளைந்த அந்த மின்சாரம் போய்ச் சேர்ந்தது புக்குஷிமா வீடுகளுக்கு அல்ல, தோக்கியோ வட்டாரத்துக்கு.